அறுபதா, அறுபத்தாறா? லண்டன் கேள்விக்கு மண்டபத்திலிருந்து ஒரு பதில்

லண்டனில் செவிலியர் வேலை பார்த்துவந்த என் அண்ணன் மகள் போன வாரம் எழுதிக் கேட்டிருந்தாள்: "அத்தை, எங்கள் பக்கத்து வீட்டு அம்மா 1954 அக்டோபரில் பிறந்தவர். அறுபது வயதில் அரசு ஓய்வூதியம் வந்துவிடும் என்று இருந்தவருக்கு அறுபத்தாறில்தான் வந்ததாம். ஆணையும் பெண்ணையும் சமமாக்குகிறோம் என்று சொல்லி என் ஆறு வருடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் பொருமுகிறார். சமம் என்றால் நல்லதுதானே? பிறகு ஏன் அநியாயமாகப் படுகிறது? நம் ஊரில் எப்படி?"

அவளுக்கு எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கத்தில் ஒரு கிளை அஞ்சலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். முதியோர் உதவித்தொகை மணியார்டராக வந்த காலத்தில் அதை எண்ணிக் கொடுத்த கை இது. கிராமிய அஞ்சல் ஊழியருக்கு ஆணானாலும் பெண்ணானாலும் 65 வயதில்தான் விடுவிப்பு. அதற்குப் பிறகு மற்ற அரசு ஊழியரைப் போல மாத ஓய்வூதியமும் கிடையாது. ஆகவே இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கோபம் கொஞ்சம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சுருக்கமாக. வயதைச் சமமாக்கியது நியாயம். பிரிட்டன் அதைச் செய்த விதம் நியாயமில்லை. ஆனால் பெண்ணுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் அந்த இரண்டிலும் இல்லை. ஓய்வு வயதுக்கு முந்தைய நாற்பது வருடக் கணக்கில் இருக்கிறது.

பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65 என்று பிரிட்டனில் ஏன் வந்தது? ஆதியிலிருந்தே அப்படி இருந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1908 சட்டப்படி 1909 ஜனவரி 1 முதல் கொடுத்த முதியோர் ஓய்வூதியத்தில் இருவருக்கும் ஒரே வயதுதான்: எழுபது. வாரம் ஐந்து ஷில்லிங். 1925-ல் சந்தா கட்டும் திட்டம் வந்தபோது இருவருக்கும் 65 ஆனது. பெண்ணுக்கு மட்டும் 60 என்று இறக்கியது 1940-ல், போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில்.

அதற்குப் பின்னால் இரண்டு கதைகள். ஒன்று, கணவன்மார்கள் பெரும்பாலும் மனைவியைவிடச் சில வயது மூத்தவர்கள். கணவனுக்கு 65 ஆகும்போது மனைவிக்கும் வயது எட்டியிருந்தால்தான் தம்பதிக்கு உரிய தொகை சேர்ந்து வரும். மற்றொன்று எனக்குப் பிடித்த கதை. பிராட்ஃபோர்டு நகரத்தில் ஃபுளாரன்ஸ் ஒயிட் என்ற பெண்மணி 1935-ல் திருமணமாகாத பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். ஐம்பதைத் தாண்டிய பெண்ணை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை, எங்களுக்கு 55 வயதிலேயே ஓய்வூதியம் கொடுங்கள் என்பது கோரிக்கை. ஐம்பத்தைந்து கேட்டவர்களுக்கு அறுபது கிடைத்தது. பெண் பலவீனமானவள் என்ற இரக்கத்தில் வந்த சலுகை அல்ல அது. கணவனின் வயதை வைத்துப் போட்ட கணக்கும், தனித்து நின்ற பெண்களின் சண்டையும் சேர்ந்து கொண்டுவந்தது.

ஒரு தலைமுறைக்கு நியாயமாக இருந்தது அடுத்த தலைமுறைக்குக் கோணலாகிவிடும். 1985-ல் ஈஸ்ட்லீ என்ற ஊரில் நகராட்சி நீச்சல்குளத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் போனார்கள். இருவருக்கும் வயது 61. ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு அங்கே அனுமதி இலவசம். மனைவி உள்ளே போய்விட்டார். கணவர் 75 பென்ஸ் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. அந்த 75 பென்ஸுக்காக அவர் வழக்குப் போட்டு, அது அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த மேலவை வரை போய், 1990-ல் ஜெயித்தார். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் விஷயம் சின்னதல்ல. ஒரே வயது, ஒரே தண்ணீர், ஆளுக்கு ஒரு விலை. அதே 1990 மே மாதத்தில் ஐரோப்பிய நீதிமன்றம் பார்பர் என்பவரின் வழக்கில், நிறுவனங்கள் தரும் ஓய்வூதியமும் சம்பளத்தின் ஒரு பகுதிதான், அதில் ஆண் பெண் என்று வயது பிரிக்கக் கூடாது என்று சொன்னது. அரசு ஓய்வூதியத்தை அந்தத் தீர்ப்பு நேரடியாகத் தொடவில்லை. ஆனாலும் நிறுவனம் ஒரு வயதும் அரசு இன்னொரு வயதும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்?

1995-ல் சட்டம் வந்தது. பெண்களின் வயது 2010-லிருந்து 2020 வரை மெல்ல மெல்ல 65-க்கு ஏறும். பதினைந்து வருட முன்னறிவிப்பு என்று காகிதத்தில் அழகாக இருக்கிறது. 2010-ல் வந்த அரசு 2011-ல் அந்த அட்டவணையை அவசரமாக முன்னே இழுத்தது: 2018 நவம்பரிலேயே 65, 2020 அக்டோபரில் இருவருக்கும் 66. உன் பக்கத்து வீட்டு அம்மாவையே எடுத்துக்கொள். பழைய சட்டத்தில் அவருக்கு 60. 1995 சட்டத்தில் ஏறக்குறைய 64 வயதும் ஆறு மாதமும். 2011 சட்டத்தில் 66. கடைசி ஒன்றரை வருடம் அவருடைய ஐம்பத்தேழாவது வயதில் போடப்பட்டது. அந்த வயதில் யார் புதிதாகச் சேமிக்க முடியும்?

அதோடு, 1995 சட்டத்தைப் பற்றித் தனித்தனியாகக் கடிதம் எழுதும் வேலையே 2009-ல்தான் தொடங்கியது. அதில் 28 மாதம் தேவையில்லாத தாமதம் நடந்திருக்கிறது என்று அங்குள்ள நாடாளுமன்றக் குறைதீர் அதிகாரி கண்டுபிடித்தார். 2024 மார்ச்சில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தரலாம் என்று பரிந்துரைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, பணம் கிடையாது என்றது. இதற்கிடையே நீதிமன்றத்துக்குப் போனவர்கள் 2019-லும் மேல்முறையீட்டில் 2020-லும் தோற்றார்கள். சட்டப்படி தோற்றது சரிதான் என்பது என் எண்ணம். ஆணுக்கு இல்லாத ஒரு சலுகையை எடுத்துவிடுவது பெண்ணுக்கு எதிரான பாகுபாடு ஆகாது. ஆனால் கடிதம் போடாதது வேறு குற்றம். முப்பது வருடம் கடிதத்தோடு கிடந்தவள் சொல்கிறேன்: செய்தி போய்ச் சேராத வரை அது செய்தியே இல்லை. அரசிதழில் அச்சாவதும் ஒரு பெண்ணின் கையில் போய்ச் சேருவதும் ஒன்றல்ல.

அதைச் சரியாகச் செய்த நாடும் இருக்கிறது. ஆஸ்திரியாவில் பெண்களின் வயதை 60-லிருந்து 65 ஆக்கும் சட்டத்தை 1992-ல் போட்டார்கள். அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது 2024-ல். வருடத்துக்கு ஆறு மாதமாக ஏறி 2033-ல் முடியும். முப்பது வருடத்துக்கு மேல் அவகாசம். சட்டம் வந்தபோது முப்பது வயதைக்கூட எட்டாத பெண்களைத்தான் அது தொடுகிறது. போலந்து நேர்மாறாகப் போனது: இருவருக்கும் 67 என்று 2012-ல் கொண்டுவந்ததை 2017-ல் கைவிட்டு, மறுபடி பெண்ணுக்கு 60, ஆணுக்கு 65 என்று ஆக்கிவிட்டது. அந்தத் தூரம்கூட வேண்டாம். தனுஷ்கோடி முனையில் நின்றால் கடலுக்கு அப்பால் இருக்கிற இலங்கையில், ஊழியர் சேமலாப நிதியை ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் எடுக்கலாம்.

"பெண்கள்தான் அதிக காலம் வாழ்கிறார்கள், அவர்களுக்கு ஏன் முன்கூட்டியே?" என்று ஆண்கள் கேட்பது நியாயமான கேள்விதான். என் மணியார்டர் நாட்களிலும் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுபத்தைந்து வயதில் திண்ணையில் ஆணும் பெண்ணுமாகக் காத்திருப்பார்கள். எழுபத்தைந்துக்கு மேல் போனால் வெள்ளைச் சேலைகள்தான். ஆனால் ஆயுளை வைத்து வயதை நிர்ணயிப்பது என்று தொடங்கினால் ஆண், பெண் என்பதோடு நிறுத்த முடியாது. விசைப்படகில் வலை இழுக்கிறவன் ஐம்பத்தைந்தில் இடுப்பு போய் உட்கார்ந்துவிடுகிறான். பனையேறியின் முழங்காலும் வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்கிறவளின் பாதமும் அதே கதைதான். பள்ளிக்கூட வாத்தியார் அறுபதில் தெம்பாக இருக்கிறார். ஆயுள் கணக்கு நேர்மையாகப் போட்டால் கடல் தொழிலாளிக்கு ஐம்பதிலும் வாத்தியாருக்கு அறுபத்தெட்டிலும் கொடுக்க வேண்டும். அப்படி யாரும் பேசுவதில்லை. ஆண், பெண் என்று பிரிப்பது எளிது என்பதால் அதையே பிடித்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூர் இன்னொரு வழி வைத்திருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்கள் பலருக்கு அந்த ஊர் தெரியும். அங்கே சேமநிதியிலிருந்து மாதத் தொகை 65 வயதில் இருவருக்கும் தொடங்கும். ஆனால் ஒரே தொகையைப் போட்டிருந்தாலும் பெண்ணுக்கு மாதா மாதம் வருவது சற்றுக் குறைவு. அவள் அதிக காலம் வாங்குவாள் என்ற கணக்கு. வயதைச் சமமாக்கிவிட்டுத் தொகையில் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரே வயதில் சேர்ந்த ஆணும் பெண்ணும் ஒரே சந்தா கட்டி, 60-ல் ஒரே தொகை வாங்குகிறார்கள். அதுதான் சரியாகப் படுகிறது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். பெண் வீட்டிலும் உழைக்கிறாள், வெளியிலும் உழைக்கிறாள். பிள்ளை பெற்று, மாமியாரைப் பார்த்து, இடையில் வேலையை விட்டவள். அந்த உழைப்புக்கு ஈடாகத்தான் ஐந்து வருடம் முன்னதாகக் கொடுத்தார்கள், அதைப் பிடுங்கலாமா? உழைப்பைப் பற்றிச் சொல்வது அத்தனையும் உண்மை. ஈடு என்பதுதான் தப்பு. அந்த ஐந்து வருடம் ஐந்து பிள்ளை வளர்த்தவளுக்கும் கிடைத்தது, வீட்டில் நாலு வேலையாள் வைத்திருந்தவளுக்கும் கிடைத்தது. மனைவி இறந்தபின் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்த ஆணுக்குக் கிடைக்கவில்லை. மீன் ஏலத்தில் காரல் என்ற பொடி மீனுக்கும் சீலா என்ற பெரிய மீனுக்கும் ஒரே விலை வைப்பதைப் போன்றது இது. கூலி கொடுக்க வேண்டுமென்றால் வேலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று வருடம் ஓய்வூதியக் கணக்கில் ஏறுகிறது. பிரிட்டனிலும் 1978-லிருந்து பிள்ளை வளர்த்த காலத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இந்த வழிதான் நேரானது. வயதைச் சமமாக்கு, வளர்த்த வருடங்களை எண்ணிக்கொள். பிரிட்டனில் இரண்டும் நடந்தன. ஆனால் 1950-களில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தாமதமாகவும் ஓட்டையாகவும் வந்து சேர்ந்தது. அவர்களில் பலர் இளம் வயதில், திருமணமான பெண்கள் குறைந்த சந்தா கட்டலாம் என்ற பழைய விதியில் இருந்தவர்கள். குறைந்த சந்தாவுக்குத் தனக்கென்று ஓய்வூதியம் சேராது. கணவனின் நிழலில் கொடுப்பார்கள் என்பதுதான் ஏற்பாடு.

நம் ஊருக்கு வருகிறேன். நீ கேட்டதில் சுவாரசியமான பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே வயது ஏற்கெனவே சமம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தன் திட்டத்தைக் கொண்டுவந்தபோது 65 வயது, 75 ரூபாய். 2011-ல் வயதை 60 ஆக இறக்கினார்கள். 60 முதல் 79 வயது வரை மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். மற்றது மாநிலம் போடுவது. 2023 ஆகஸ்டில் மொத்தத் தொகை 1,000-லிருந்து 1,200 ஆனது. ஆணுக்கும் 60, பெண்ணுக்கும் 60. தொழிலாளர் வைப்புநிதியோடு வரும் ஓய்வூதியத்திலும் இருவருக்கும் 58. ஈஸ்ட்லீ நீச்சல்குளத்துக்காரர் இங்கே வந்திருந்தால் வழக்குப் போட வேலையே இருந்திருக்காது.

அப்படியென்றால் சமம்தானே? நான் எழுதிக் கொடுத்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன்.

அந்த அக்கா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் ஒரு பன்னிரண்டு நாள் வத்தை என்ற சிறு படகில் தீவுக்குப் போய், கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்துப் பாசி ஒடிப்பார். இடையில் சில வருடம் மூங்கில் மிதவையில், பெப்சி கம்பெனி கொண்டுவந்ததால் பெப்சிப் பாசி என்று பெயர் பெற்ற இன்னொரு பாசியும் வளர்த்தார். ஆதாரில் அவருடைய பிறந்த நாள் 1968 ஜனவரி 1. பிறந்த நாள் தெரியாதவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கே ஜனவரி 1-ல்தான் பிறந்திருக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்ட வருடம் அது. "அக்கா, உண்மையில் உங்களுக்கு என்ன வயது?" என்று கேட்டேன். "புயலடித்த ராத்திரி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்" என்றார். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, தனுஷ்கோடியை அழித்த புயல். இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்க வேண்டுமானால் ஆறு வயதாவது இருந்திருக்க வேண்டும். அப்படியானால் 1958. 2018-ல் வந்திருக்க வேண்டிய பணம் 2028-ல்தான் வரும்.

அந்தத் தம்பிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. அவனை ஐந்தாம் வகுப்பு வரை படிக்கப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கிறது. இடுப்பில் இருந்தவனுக்குப் பணம் வருகிறது, தூக்கி ஓடியவளுக்கு வரவில்லை. சட்டத்தில் இருவருக்கும் 60-தான். லண்டன் அம்மாவுக்குப் போனது ஆறு வருடம், இந்த அக்காவுக்குப் பத்து. அவருக்காகக் குரல் கொடுக்கச் சங்கமும் இல்லை, குறைதீர் அதிகாரியின் அறிக்கையும் இல்லை. பல் மருத்துவச் சான்று, அரசு மருத்துவரின் வயதுச் சான்று என்று வழிகள் சொன்னேன். ஒரு நாள் ராமநாதபுரம் போய்வந்தால் பஸ் செலவோடு ஒரு நாள் பாசியும் போகும். இரண்டு முறை போனார், பிறகு விட்டுவிட்டார்.

இன்னொரு சங்கடம். அவர் என்ன தொழில் செய்கிறார் என்று விண்ணப்பத்தில் எழுதுவது? படகில் போகிறவன் மீனவன். கரையில் கருவாடு காயப்போடுகிறவளும், சங்காயம் என்ற கழிவு மீனைப் பிரிக்கிறவளும், வலையிலிருந்து நண்டு கழற்றுகிறவளும் பல காகிதங்களில் "இல்லத்தரசி"தான். பாசி எடுக்கிறவருக்கு அதைவிட மோசம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாகிவிட்டதால், அவர் போகிற இடமே போகக் கூடாத இடம். எழுத முடியாத இடத்தில் செய்த வேலை எந்தக் கணக்கில் ஏறும்? இறால் உரிக்கும் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புது ஆள்; வைப்புநிதி ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து வருடம் அவர்களில் எத்தனை பேருக்குச் சேரும் என்று நீயே நினைத்துக்கொள்.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். பெண் என்பதற்காக வயதைக் குறைக்காமல், நிலைமையைப் பார்த்துக் குறைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆதரவற்ற விதவைக்கு 18 வயதிலிருந்தே, கணவன் கைவிட்டவளுக்கு 30-லிருந்து, திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கு 50-லிருந்து உதவித்தொகை உண்டு. ஃபுளாரன்ஸ் ஒயிட் கேட்டது 55. நாம் 50-ல் கொடுக்கிறோம். தொகைதான் வாய்விட்டுச் சொல்லும்படி இல்லை. 1,200 ரூபாயில் யாரும் ஓய்வு பெறுவதில்லை. பணம் வாங்கத் தொடங்கிய மறுநாளும் அதே பெண்கள் அதே கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலக்கரையில் நிற்பார்கள். நம் கரையில் ஓய்வூதிய வயது என்பது வேலை நிற்கும் வயது அல்ல; மாதம் ஒரு தொகை கூடுதலாக வரும் வயது, அவ்வளவுதான். ஆகவே அறுபதா அறுபத்தைந்தா என்ற சண்டை இங்கே எடுபடாது. தொகையும் சான்றிதழும்தான் இங்கே சண்டை.

உன் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசும்போது, வயதைச் சமமாக்கியது தப்பு என்று தலையாட்டாதே; அவருடைய கோபத்துக்கு நியாயமில்லை என்றும் சொல்லாதே. 1995-லிருந்தே ஒழுங்காகக் கடிதம் வந்து, 2011-ல் மறுபடி இழுக்காமல் விட்டிருந்தால் இதே அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டிருப்பார் என்பது என் ஊகம்.

உன் விஷயம் வேறு. நீ 1978-க்குப் பிறகு பிறந்தவள், ஆகவே இப்போதைய சட்டப்படி உனக்கு 68. உன் வீட்டுக்காரருக்கும் 68. முழு ஓய்வூதியத்துக்கு 35 வருடச் சந்தா வேண்டும், பத்துக்குக் கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது. நீ சின்னவனுக்காக வேலையை விட்டிருக்கிறாய் அல்லவா? அங்கே பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு யார் பெயரில் விண்ணப்பம் இருக்கிறதோ, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்வரை அவர் கணக்கில்தான் அந்த வருடங்கள் ஏறும். உன் வீட்டுக்காரர் பெயரில் போட்டிருப்பதாகப் போன முறை சொன்னாய். அவர் வேலையில் இருக்கிறார், அவருக்கு அது தேவையில்லை. வருமானம் அதிகம் என்று பணத்தை வேண்டாம் என்றுகூட எழுதிக் கொடுக்கலாம். விண்ணப்பம் மட்டும் உன் பெயரில் இருக்க வேண்டும். இந்த வாரமே மாற்று. மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.